அந்த நம்பர் யாருடையது?

சகோதரிகளே, சென்ற இதழில் மழைக்கால இருமலுக்கு ஆடாதொடைக் கஷாயம் சொல்லியிருந்தேன். இந்த முறையும் ஏதாவது கஷாயத்தோடுதான் வருவாள் என்று அடுப்பை மூட்டி வைத்திருப்பீர்கள். அணைத்து விடுங்கள். இந்த முறை செல்போனைப் பற்றிப் பேசப் போகிறேன். வீடும் ஆரோக்கியமும் எழுதுகிறவளுக்குச் செல்போனில் என்ன வேலை என்று கேட்கிறீர்களா? ஒரு கர்ப்பிணிப் பெண்ணின் சத்துமாவு அதற்குள்ளே போய் மாட்டிக்கொண்டிருக்கிறதே, அதனால்தான்.

எங்கள் பொத்தேரி ஸ்டேஷனில் காலை வேளையில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். செங்கல்பட்டு லோக்கல் வந்து நின்றால், தோளில் கம்ப்யூட்டர் பையும் கையில் போனுமாகப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக இறங்குவார்கள். எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளைகள். எந்தெந்த ஊர்ப் பாஷையெல்லாமோ காதில் விழும். அதே ரயிலிலிருந்து இன்னொரு கூட்டமும் இறங்கும். விடுதிகளில் சமைக்கவும், தரை துடைக்கவும், பாத்திரம் கழுவவும் வருகிற நம் பெண்கள். அவர்கள் கையில் டிபன் தூக்கு இருக்கும். போன் இருந்தால், மகன் புதிது வாங்கிக்கொண்டு அம்மாவுக்குத் தள்ளிவிட்ட பழசாக இருக்கும். ஒரே பிளாட்பாரத்தில் இரண்டு உலகம்! தினமும் பார்க்கிற காட்சிதான். ஆனால் போன மாதம் நடந்த ஒரு விஷயத்துக்குப் பிறகுதான் அது எனக்கு உறைத்தது.

என் ஓரகத்தியின் மகளை இங்கிருந்து சில ஸ்டேஷன் தள்ளி ஒரு கிராமத்தில் கொடுத்திருக்கிறது. ஆறு மாதம் முழுகாமல் இருக்கிறாள். மாங்காய்த் தொக்கு வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். ஒரு பாட்டில் கிளறி எடுத்துக்கொண்டு போயிருந்தேன். அன்றைக்கு அங்கன்வாடியில் சத்துமாவு கொடுக்கிற நாள். “சித்தி, நீங்களும் வாங்களேன், பத்து நிமிஷத்துல வந்துடலாம்” என்றாள். போனோம். பத்து நிமிஷம் இரண்டு மணி நேரமாயிற்று!

அங்கன்வாடி டீச்சர் தன் போனை இவள் முகத்துக்கு நேரே பிடித்தார். “வட்டத்துக்குள்ள முகம் தெரியற மாதிரி நில்லும்மா. இப்போ கண்ணைச் சிமிட்டு.” இவள் சிமிட்டினாள். போன் சுற்றிக்கொண்டே இருந்தது. உள்ளே சிக்னல் இல்லை என்று வாசலில் புங்க மரத்தடிக்கு வந்தோம். அங்கே வெயில் முகத்தில் அடிக்கிறது என்று திரும்பி நின்றோம். ஒரு வழியாக அது முடிந்தால், அடுத்தது ஓ.டி.பி.யாம். ஆதாரில் பதிந்திருக்கிற நம்பருக்கு ஓர் எண் வரும், அதைச் சொன்னால்தான் பதிவு பூர்த்தியாகும்.

“உன் போன் எங்கேம்மா?” என்று கேட்டார் டீச்சர்.

“அது அவர் நம்பர் டீச்சர். முதல் ஷிப்டுக்குப் போயிட்டாரு. கம்பெனிக்குள்ள போன் கொண்டு போகக்கூடாது, கேட்லயே வாங்கி வெச்சுக்குவாங்க.”

மூன்று மணிக்குத்தான் அவர் வெளியே வருவார். ஓ.டி.பி.யின் ஆயுசோ சில நிமிஷம்!

டீச்சர் நல்ல மனுஷி. இருபது வருஷத்துக்கு மேல் அதே ஊரில் வேலை பார்க்கிறவர். இந்தப் பெண்ணின் நாத்தனார் பிரசவித்த குழந்தைக்குக்கூட முதல் தடவை எடை போட்டவர் அவர்தான். “இவளை எனக்குத் தெரியாதாம்மா? ஆனா எனக்குத் தெரிஞ்சா போதாது, போனுக்குத் தெரியணுமாம்” என்று சிரித்தார். சிரிப்பில் சந்தோஷம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையைப் போனோடு கூட்டிக்கொண்டு தன் வீட்டுக்கே வரச் சொன்னார். லீவு நாளில், தன் சொந்த நேரத்தில்!

வீட்டுக்கு வந்து சம்பந்தியம்மாளிடம் சொன்னபோது அவர் கேட்டார்: “கர்ப்பம் இவ வயித்துல இருக்கு. நம்பர் மட்டும் ஏன் அவன்கிட்ட இருக்கணும்?” அந்த அம்மாள் மூன்றாவதுக்கு மேல் படிக்கவில்லை. ஆனால் டில்லியில் உட்கார்ந்து திட்டம் போட்டவர்கள் யாரும் கேட்காத கேள்வியை முறம் புடைத்துக்கொண்டே கேட்டுவிட்டார்.

இந்த விஷயத்தின் பூர்வோத்தரத்தைக் கொஞ்சம் சொல்கிறேன். அங்கன்வாடித் திட்டம் 1975 அக்டோபர் 2ஆம் தேதி தொடங்கியது. தமிழ்நாட்டில் மட்டும் 54 ஆயிரத்துக்கும் அதிகமான மையங்கள் இருக்கின்றன. குழந்தைக்கு எடை, தாய்க்குச் சத்துமாவு, பிள்ளைகளுக்குப் பாட்டு, தடுப்பூசி ஞாபகப்படுத்தல் என்று எல்லாவற்றையும் ஒரு டீச்சரும் ஓர் ஆயாவும் பார்த்துக்கொள்ள வேண்டும். பதினோரு ரிஜிஸ்தர் வேறு எழுத வேண்டியிருந்தது. 2021 மார்ச்சில் மத்திய அரசு ‘போஷன் டிராக்கர்’ என்று ஒரு செயலியைக் கொண்டுவந்தது. எல்லாக் கணக்கும் இனிப் போனிலேயே. கேட்க நன்றாகத்தான் இருந்தது. பதினோரு நோட்டு சுமந்த கைக்கு ஒரு போன் லேசுதானே?

லேசாக இல்லை. அந்த வருஷம் ஆகஸ்டில் மகாராஷ்டிரத்தில் ஆயிரக்கணக்கான அங்கன்வாடி ஊழியர்கள் ஊர்வலமாகப் போய், அரசு கொடுத்த போன்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார்கள். போன் பழைய ரகம், சூடாகிறது, இடம் போதவில்லை, ரிப்பேர் செலவு எங்கள் தலையில், செயலியோ மராத்தியில் இல்லை, ஆங்கிலத்தில் எப்படி எழுதுவோம் என்பது அவர்கள் வாதம். அவர்கள் சங்கம் பம்பாய் ஹைகோர்ட் வரை போயிற்று. பெண்களுக்கு மிஷின் என்றால் பயம் என்று சொல்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அவர்கள் போன் வேண்டாம் என்று சொல்லவில்லை. நல்ல போன் கொடு, எங்கள் பாஷையில் கொடு என்றார்கள். மாவு அரைக்கத் தெரியாது என்பது வேறு, கல் பொளியாத அம்மியில் அரைக்க மாட்டேன் என்பது வேறு அல்லவா?

அதற்குப் பிறகு வந்ததுதான் இந்த முகப்பதிவு. 2025 ஜூலை 1 முதல், வீட்டுக்கு எடுத்துப் போகிற சத்துணவுக்கு முகத்தைப் படம் பிடித்துச் சரிபார்ப்பது கட்டாயம் என்று மத்திய மகளிர் மற்றும் குழந்தைகள் நல அமைச்சகம் உத்தரவு போட்டது. அங்கன்வாடி ஊழியர், உதவியாளர்களின் அகில இந்திய சம்மேளனம் அதை எதிர்த்தது. சிக்னல் கிடைக்காத ஊர்களும், ஆதாரில் ஓரு நம்பர் வீட்டில் ஒரு நம்பர் என்று இருக்கிற குடும்பங்களும், புருஷனோடு வேலைக்குப் போய்விடுகிற போனும் மாதாமாதம் அவர்கள் கண் முன்னால் பார்க்கிற சங்கதிகள். 2013ஆம் வருஷத்து தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் இந்த உணவு உரிமை. உரிமைக்கு நடுவே ஒரு கேமராவைக் கொண்டுவந்து நிறுத்தலாமா என்பதும் எழுந்த கேள்விகளில் ஒன்று.

நியாயமாக மறு பக்கத்தையும் சொல்ல வேண்டும். பொய்க் கணக்கு எழுதி மாவை மாட்டுக்குப் போட்ட கதை நமக்குத் தெரியாததல்ல. கள்ளப் பெயர்களைக் களைய வேண்டும் என்று அரசு சொல்வதை நான் ஒரேயடியாகத் தள்ள மாட்டேன். ஆனால் பாருங்கள், சந்தேகம் என்று வந்தால் முதலில் நிறுத்திச் சோதிக்கப்படுவது வயிற்றுப் பிள்ளைக்காரியாக இருக்கிறாள்! மூட்டை கிளம்பின இடத்திலிருந்து அங்கன்வாடி வாசல் வரை எத்தனை கை மாறுகிறது? அந்தக் கைக்காரர்களில் யாரையாவது வெயிலில் நிறுத்திக் கண்ணைச் சிமிட்டச் சொன்னார்களா?

முதலிலேயே பெண்களைக் கேட்டுவிட்டு ஆரம்பித்திருந்தால் எப்படி இருந்திருக்கும்? இதற்குக் கற்பனை செய்ய வேண்டியதில்லை. நம் கடற்கரையோடு தெற்கே போனால் புதுச்சேரி. அங்கே நடந்திருக்கிறது.

1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்கள் தொடங்கியது. வில்லியனூரில் தலைமை மையம். அங்கிருந்து மற்ற கிராமங்களுக்குக் கம்பியில்லாத் தொடர்பு. மின்சாரம் போனால் சூரிய ஒளி. கம்ப்யூட்டர் என்றால் பட்டணத்துக்காரர்கள் வாயைப் பிளந்துகொண்டிருந்த காலம் அது! மையத்துக்கு இடம் ஊர் கொடுக்க வேண்டும்; ஆனால் ஜாதி பார்க்காமல், ஆண் பெண் பார்க்காமல் எல்லாரும் உள்ளே வரலாம் என்று ஊர் சம்மதிக்க வேண்டும். அதுதான் நிபந்தனை. ஏம்பலத்தில் கோயிலைச் சேர்ந்த இடத்திலேயே மையம் அமைந்தது, பெண்கள் அதை நடத்தினார்கள். கோயில் வளாகத்தில் உட்கார்ந்து நம் பெண்கள் கம்ப்யூட்டரைத் தட்டுகிற காட்சியை நினைத்துப் பாருங்கள்!

என்ன தகவல் வேண்டும் என்பதையும் ஊராரிடமே கேட்டுத்தான் முடிவு செய்தார்கள். தானிய விலை, மாட்டு வைத்தியம், ஆஸ்பத்திரியில் எந்த டாக்டர் எப்போது இருப்பார், எந்தச் சர்க்கார் திட்டத்தில் யாருக்கு என்ன பாத்தியதை, இப்படி. மீனவர் ஊரான வீராம்பட்டினத்தில் கேட்டது வேறு: நாளைக்கு அலை எவ்வளவு உயரம்? அமெரிக்கக் கடற்படை வெளியிடும் அலைக் கணிப்பை எடுத்து, தமிழில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். கட்டுமரத்தில் போனவன் திரும்பி வருவானா என்று கரையில் நிற்கிறவள் யார்? அந்தத் தகவல் அவளுக்குத்தான் முதலில் வேண்டும்.

2004 டிசம்பர் 26ஆம் தேதியை நம் கரையில் யாரும் மறக்க மாட்டோம். மாமல்லபுரம் தொடங்கிக் கடலோரம் எத்தனை குப்பங்கள் அழுதன! அன்று காலை நல்லவாடு என்ற ஊருக்கு, சிங்கப்பூரில் இருந்த அந்த ஊர் இளைஞர் ஒருவர் டி.வி.யில் செய்தி பார்த்துவிட்டுப் போன் செய்தார். தகவல் மையத்தில் ஒலிபெருக்கி இருந்தது. உடனே எல்லாரையும் ஊரை விட்டு வெளியேறச் சொல்லி அறிவித்தார்கள். வீடும் படகும் போயின, உயிர்கள் தப்பின. அங்கே காப்பாற்றிய கருவி பெரிய கம்ப்யூட்டர்கூட அல்ல. ஒரு டெலிபோன், ஓர் ஒலிபெருக்கி, அது எல்லாருக்கும் பொது என்ற ஏற்பாடு.

இதெல்லாம் நம் ஊர்க் கவலை மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். ஆப்பிரிக்காவில் உகாண்டா என்றொரு தேசம். நம் கிராமங்களைப் போலவே வயல், மாடு, தண்ணீர்க் குடம் சுமக்கும் பெண்கள். அங்கே 2000ஆம் வருஷத்தில் பெண்கள் சேர்ந்து ‘உகாண்டா பெண்கள் வலையமைப்பு’ என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். வடக்கே அபாச் என்ற மாவட்டத்தில் ஒரு தகவல் மையம் வைத்து, பெண் விவசாயிகளின் குழுக்களுக்கு அவர்கள் பாஷையிலேயே போன் செய்தியும் ரேடியோப் பேச்சுமாகப் பயிர் விவரம் சொன்னார்கள். அதோடு நிற்கவில்லை. தேசத்தின் தகவல் தொழில்நுட்பக் கொள்கையில் பெண்களுக்கு என்ன இருக்கிறது என்று ஒவ்வொரு வரியாகப் படித்துக் கேள்வி கேட்கிற வேலையையும் எடுத்துக்கொண்டார்கள்.

2018 ஜூலையில் உகாண்டா அரசு, வாட்ஸ்அப், பேஸ்புக் முதலானவற்றை உபயோகிக்க நாளொன்றுக்கு 200 ஷில்லிங் வரி என்று போட்டது. ‘எல்லாருக்கும் ஒரே வரிதானே’ என்று தோன்றும். கையில் காசு யாரிடம் இருக்கிறது என்று யோசித்தால் கணக்கு மாறும். சந்தையில் தக்காளிக் கூடை விற்கிறவளும் 200, சம்பளக்காரரும் 200! யார் முதலில் நிறுத்துவார்? 2021இல் அந்தத் தினசரி வரியை எடுத்துவிட்டு, இன்டர்நெட் டேட்டா மீது 12 சதவீத வரி கொண்டுவந்தார்கள். ஆக, கொள்கை என்பது பெரிய கட்டடத்தில் நடக்கிற பெரிய பேச்சு மட்டுமல்ல. நம் முந்தானை முடிச்சுக்குள் இருக்கிற சில்லறையைப் பற்றியதும்தான்.

நம் தமிழ்நாட்டுக்கு வருவோம். 1983இல் மகளிர் மேம்பாட்டு நிறுவனம் ஆரம்பித்தார்கள். 1989இல் தருமபுரியில் முதல் சுய உதவிக் குழுக்கள். அந்தக் காலத்தில் பாங்கிக்குள் நுழைந்தால் “வீட்டுக்காரர் வரலையா?” என்று கேட்பார்கள். பெண்கள் குழுவாகப் போய் நின்றார்கள். இன்று? 2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 92 பேர் தாங்களே உபயோகிக்கும் பாங்கிக் கணக்கு வைத்திருந்தார்கள். சுலபத்தில் கிடைத்த 92 அல்ல அது. அதே கணக்கெடுப்பில், தாங்களே உபயோகிக்கும் செல்போன் இருந்தவர்கள் 75 பேர். இன்டர்நெட்டை ஒரு தடவையாவது தொட்டவர்கள் 47 பேர், ஆண்களிலோ 70.

92-க்கும் 75-க்கும் நடுவிலே விழுந்தவள் கதியை யோசியுங்கள். கணக்கு அவள் பெயரில், பணம் வந்த செய்தி வேறொருவர் போனில்! மகளிர் உரிமைத்தொகை 2023 செப்டம்பர் 15ஆம் தேதி காஞ்சிபுரத்தில் தொடங்கியபோது ஒரு கோடியே ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட பெண்களுக்கு மாதம் ஆயிரம் என்று அறிவித்தார்கள். எங்கள் தெருவில் ஒருத்தி, பணம் வந்ததே தெரியாமல் மூன்று மாதம் இருந்தாள். குறுஞ்செய்தி மகன் போனுக்குப் போயிருக்கிறது, கார்டும் அவனிடம். அவன் திருடன் அல்ல, “வீட்டுக்குத்தானேம்மா செலவு பண்ணேன்” என்றான். உண்மைதான். ஆனால் எதற்குச் செலவு என்று தீர்மானிக்கிற அந்தச் சின்ன சந்தோஷம் அவளுக்குக் கிடைக்காமல் போயிற்றே!

இந்த வெள்ளிக்கிழமை எங்கள் குழுக் கூட்டத்தில் சந்தா வசூலித்து முடித்ததும் ஒரு காரியம் செய்தேன். “உங்க ஆதார்ல எந்த நம்பர் இருக்குன்னு ஒவ்வொருத்தரா சொல்லுங்க” என்றேன். பதினான்கு பேரில் எட்டுப் பேருக்குத் தெரியவில்லை. ஒருத்தி சொன்ன நம்பர், செத்துப்போன மாமனாருடையது. எல்லாரும் சிரித்தோம், அவளும் சிரித்தாள். அப்புறம் யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

நீங்களும் உங்கள் வீட்டில் பார்த்து வையுங்கள். ஆதாரில் போன் நம்பரை மாற்றத் தனியாக எந்தத் தஸ்தாவேஜும் வேண்டாம். ஆதார் சேவை மையத்தில் கைரேகை வைத்து, கட்டணம் கட்டினால் மாற்றித் தருவார்கள். தபால்காரர் மூலம் வீட்டிலேயே மாற்றிக்கொள்ளும் வசதியை 2021இல் தபால் துறையின் பாங்கி தொடங்கியது, தபாலாபீசில் விசாரியுங்கள். பாங்கியில் இருக்கும் நம்பர் வேறு, ஆதாரில் இருப்பது வேறு. இரண்டையும் தனித்தனியாகச் சரிபார்க்க வேண்டும், ஒன்றை மாற்றினால் மற்றது தானாக மாறாது. கர்ப்பிணிகள் இதை மூன்றாம் மாதத்திலேயே செய்துவிடுங்கள், எட்டாம் மாதத்தில் வரிசையில் நிற்க முடியாது. ஓ.டி.பி.யை அங்கன்வாடி டீச்சர் எதிரே நின்று கேட்டால் சொல்லலாம். போனில் அழைத்து “நான் பாங்கியிலிருந்து பேசறேன்” என்கிறவனுக்குச் சொல்லக்கூடாது. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் அன்றைக்கே 1930-க்குப் போன் செய்யுங்கள்.

ஆனால் இதெல்லாம் நாம் ஒவ்வொருவராகச் செய்துகொள்கிற ஒட்டுத் துணி வேலை. குழுவாகக் கேட்க வேண்டியது வேறே. போன் இல்லாதவளுக்கும் மாவு கொடுக்க வழி எழுத்தில் இருக்க வேண்டும், டீச்சரின் தயவில் இருக்கக்கூடாது. அப்படி ஒரு மனுவை எங்கள் குழுவில் எழுதிக்கொண்டிருக்கிறோம். பக்கத்து ஊர்க் குழுக்களும் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

ஓரகத்தி மகளுக்கு இப்போது தனி சிம் வாங்கிக் கொடுத்து, ஆதாரிலும் அந்த நம்பரை ஏற்றியாகிவிட்டது. மாமியாரும் மருமகளும் செங்கல்பட்டுக்குப் போய் வந்தார்கள். நான் சந்தோஷமாகப் போன் செய்தால், சம்பந்தியம்மாள் அடுத்த கேள்வியோடு தயாராக இருந்தார்.

“எல்லாம் சரி சம்பந்தி, மாசாமாசம் ரீசார்ஜ் போடலைன்னா இந்த நம்பரும் செத்துடுமாமே? மாவு இலவசம், அதை வாங்கறதுக்குக் காசா?”

டேட்டா இல்லாமல் பேச்சும் எஸ்.எம்.எஸ்.ஸும் மட்டும் உள்ள ரீசார்ஜ் கொடுக்க வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் கம்பெனிகளுக்கு விதித்திருக்கிறது, ஓ.டி.பி.க்கு அது போதும், கடையில் கேட்டு வாங்குங்கள் என்றேன். “அப்பவும் காசுதானே?” என்றார்.

மனுவில் அதையும் ஒரு வரியாகச் சேர்த்திருக்கிறோம்.